மழைக்காலத்துக்கு முன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: ரவுட்டர்கள் அண்டை உறவு கொள்ளும் முறை

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை ஆகிய ஊர்களில் கிளைகள் நடத்தி, அவற்றை எங்கள் வழியாக இணைத்திருக்கும் அரிசி ஆலை, உரக்கடை, ஜவுளிக்கடை உரிமையாளர்கள் பலர், இரண்டு தடங்கள் இருந்தும் ஒன்று அறுந்தால் பில் போடுவது ஏன் அரை நிமிடத்துக்கு மேல் நின்றுவிடுகிறது என்று கேட்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இதற்குத் தெளிவாக விடை கூறுவது எங்கள் கடமை.

உங்கள் கிளைகளை வலையமைப்பில் இணைக்கும் கருவிகளான ரவுட்டர்கள், அண்டை ரவுட்டர்களோடு உறவு கொண்டு, தகவல் செல்ல வேண்டிய வழியை ஓஎஸ்பிஎஃப் (OSPF) என்ற நெறிமுறைப்படி அறிகின்றன. 1998இல் வெளியான ஆர்எஃப்சி 2328 என்ற இணையத் தரநிலை ஆவணம் அதன் இரண்டாம் பதிப்பை விவரிக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரும் வழக்கமாக 10 நொடிக்கு ஒருமுறை 224.0.0.5 என்ற பொது முகவரிக்கு, தான் இயங்குவதை அறிவிக்கும் ஹலோ செய்தி அனுப்பும். 40 நொடி வரை எதிர்முனையிலிருந்து ஹலோ வராவிட்டால் அந்த உறவை முறித்துவிடும். கேபிள் ரவுட்டரிலேயே நேரடியாகச் செருகப்பட்டிருந்தால் அறுந்தது உடனே தெரிந்துவிடும். இடையில் சுவிட்ச் (பல கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டி) இருந்தால்தான் அந்த 40 நொடியும் காத்திருக்க நேர்கிறது. இந்தக் காத்திருப்பு நேரத்தைக் குறைக்க முடியும் என்றாலும், மழையில் சிக்னல் தளரும் வயர்லெஸ் தடங்களில் அதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. குறைத்தால், இரண்டு மூன்று ஹலோ தவறினாலே உறவு முறிந்து, சேர்ந்து, மீண்டும் முறியும்.

எதிர்முனையின் ஹலோவில் தன் அடையாள எண்ணும் இடம்பெற்றிருப்பதைக் கண்டபின்பே ஒரு ரவுட்டர் ‘டூ-வே’ (இருவழித் தொடர்பு) நிலையை அடைகிறது. அதற்கு ஏரியா எண் (வலையமைப்பின் எந்தப் பகுதி என்பதைக் காட்டும் எண்), ஹலோ இடைவெளி, காத்திருப்பு நேரம், கடவுச்சொல் ஆகியவை இரு முனைகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பல ரவுட்டர்கள் சேரும் பொது இணைப்பில் சப்நெட் மாஸ்க்கும் (முகவரியில் வலையமைப்பைக் குறிக்கும் பகுதி எது என்று காட்டும் எண்) பொருந்த வேண்டும். அடையாள எண்கள் மட்டும் வேறுபட்டே இருக்க வேண்டும். ஒரு கிளையின் அமைப்பை அப்படியே நகலெடுத்து இன்னொரு கிளையில் ஏற்றும்போது கெடுவது பெரும்பாலும் இதுதான்.

அடுத்து ‘எக்ஸ்ஸ்டார்ட்’, ‘எக்ஸ்சேஞ்ச்’ நிலைகளில் இரண்டும் தம்மிடமுள்ள வழித்தகவல்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்ளும். ‘லோடிங்’ நிலையில் குறைந்தவற்றைக் கேட்டு வாங்கும். இரண்டின் தகவல் தொகுப்பும் ஒன்றானதும் ‘ஃபுல்’, அதாவது முழு உறவு. இங்கே ஒரு சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு முனையில் எம்டியு (ஒரே பொட்டலமாக அனுப்பக்கூடிய தகவலின் உச்ச அளவு) 1500 பைட் ஆகவும் மறுமுனையில் அதைவிடப் பெரியதாகவும் இருந்தால், ஹலோ தடையின்றிப் போய்வரும், அண்டை ரவுட்டரின் பெயரும் திரையில் தெரியும், ஆனால் உறவு எக்ஸ்ஸ்டார்ட்டிலோ எக்ஸ்சேஞ்சிலோ நின்றுவிடும். அண்டை ரவுட்டர் தெரிகிறதே என்று நம்பிப் பலர் கேபிளையே மாற்றிப் பார்க்கிறார்கள். பழுது கேபிளில் இல்லை.

தலைமை அலுவலகத்தில் ஒரே சுவிட்சில் 6 ரவுட்டர்கள் இருந்து, ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் முழு உறவு கொண்டால் 15 உறவுகள் உண்டாகும். அதைக் குறைக்கவே ஒரு தலைமை ரவுட்டரும் ஒரு மாற்று ரவுட்டரும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. மற்றவை இந்த இரண்டோடு மட்டும் முழு உறவு கொள்வதால், அப்போது 9 போதும். அவை தமக்குள் டூ-வே நிலையிலேயே இருப்பது இயல்பு, அதைப் பழுதெனக் கருத வேண்டாம். இரண்டே ரவுட்டர்கள் உள்ள தடத்தில் இந்தத் தேர்வு தேவையில்லை. தேர்வு முறை இருந்தால், அறுந்த தடம் மீண்டபின் தேர்வுக்கென்றே இன்னும் 40 நொடி வரை கழியலாம். ஆகவே அத்தகைய தடங்களைத் தேர்வு இல்லாத பாயிண்ட்-டு-பாயிண்ட் (இரு முனைகள் மட்டுமான) முறைக்கு மாற்றித் தருகிறோம். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

புதிய ரவுட்டர் வாங்கினாலோ உள்ளூர்த் தொழில்நுட்பர் அமைப்பில் கைவைக்க நேர்ந்தாலோ, மாற்றத்துக்கு முந்தைய நாளே எங்களுக்குத் தெரிவியுங்கள். பழுதின்போது அழைத்தால், அண்டை ரவுட்டரின் நிலை திரையில் என்னவென்று காட்டுகிறதோ அந்தச் சொல்லைப் படித்துச் சொல்லுங்கள். எந்த இடத்திலிருந்து தேடத் தொடங்குவது என்பதை அதைக்கொண்டே தீர்மானிப்போம்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பராமரிப்புப் பிரிவு,
கும்பகோணம்