டெயில் லாம்ப் பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

போன மாதத்திலிருந்து டெயில் லாம்ப் மேல் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தருவதை நிறுத்திவிட்டோம். "நேத்து வரைக்கும் ஒட்டினீங்களே, இப்ப மட்டும் என்ன?" என்று இரண்டு மூன்று பேர் முகம் சுளித்துக்கொண்டு போனார்கள். கேட்டது நியாயம்தான். ஒட்டினோம், காசும் வாங்கினோம். அதனால் ஏன் நிறுத்தினோம் என்பதை எழுதியே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எழுத உட்கார்ந்ததும், கடையில் தினமும் பத்துத் தடவை வாயால் சொல்கிற மற்ற விஷயங்களும் கூடவே வந்துவிட்டன.

ஐப்பசி மழையில் ஒரு நாள் ஆம்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தேன். மாதனூர் தாண்டி, பள்ளிகொண்டா வருவதற்கு முன். முன்னால் போன கார் வேகத்தைக் குறைத்தது எனக்குத் தெரியவே இல்லை. முப்பது வருடமாக இந்த விளக்குகளோடேயே பிழைப்பு நடத்துகிறவன் நான், எனக்கே தெரியவில்லை. அடித்துப் பிடித்து நிறுத்திய பிறகு என் ஹெட்லைட் வெளிச்சத்தில் பார்த்தால், நம் கடையில் ஒட்டுகிற அதே ரக ஸ்டிக்கர். வெயிலில் நிற்கும்போது அது அழகாகத்தான் இருக்கிறது. மழையில், பின்னால் வருகிறவன் கண்ணாடியில் வைப்பர் ஓடும்போது, பிரேக் லைட் அணைந்த கங்கு மாதிரி ஆகிவிடுகிறது. மறுநாளே மிச்சமிருந்த ரோலைச் சுருட்டி மேல் தட்டில் போட்டாயிற்று.

சரி, விளக்குக்கு வருவோம். பழைய மாருதி, சான்ட்ரோ மாதிரி வண்டிகளில் பின்பக்கச் சிவப்புக் கண்ணாடிக்குள் பெரும்பாலும் ஒரே பல்பு இரண்டு வேலை செய்யும். டபுள் கான்டாக்ட் பல்பு என்று கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துத் தருவார்கள். உள்ளே இரண்டு இழை. 5 வாட் இழை ராத்திரி முழுக்க எரிவது; 21 வாட் இழை பிரேக் மிதித்தால் மட்டும் எரிவது. நான்கு மடங்கு வித்தியாசம். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பின்னால் வருகிறவர் "ஓ, பிரேக் போடுகிறான்" என்று புரிந்துகொள்கிறார்.

இந்தப் பல்பின் அடிப்பாகத்தில் இரண்டு பக்கமும் சின்ன மூக்கு இருக்கும். உற்றுப் பார்த்தால் ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கீழே. தப்பாகப் போடக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனாலும் போடுவார்கள். நம் கடையில் புதிதாகச் சேர்ந்த பையன், ஹோல்டர் தேய்ந்துபோன ஒரு வண்டியில் பலத்தைக் காட்டித் திருப்பி மாட்டிவிட்டான். பல்பு எரிந்தது, அவனுக்கும் சந்தோஷம், வண்டிக்காரருக்கும் சந்தோஷம். எரிந்தது எது தெரியுமா? லைட் சுவிட்சைப் போட்டால் 21 வாட், பிரேக் மிதித்தால் 5 வாட். பத்து நாள் கழித்து ஹோல்டர் பிளாஸ்டிக் உருகி நாற்றம் வந்த பிறகுதான் கண்டுபிடித்தோம். எங்கள் தப்பு, ஹோல்டரை எங்கள் செலவில் மாற்றிக் கொடுத்தோம். பல்பு மாற்றினால் எரிகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். முதலில் லைட்டைப் போடுங்கள், அப்புறம் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் சட்டென்று ஏற வேண்டும்.

இப்போது எர்த், அதாவது பல்புக்குள் போன கரண்ட் வண்டியின் இரும்பு பாடி வழியாகப் பாட்டரிக்குத் திரும்புகிற வழி. இந்த மடலில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

குடியாத்தத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வந்தார். வலது பக்கம் மங்கலாக எரிகிறது என்று அதற்குள் மூன்று பல்பு மாற்றியிருந்தார். வேறொரு இடத்தில் "முழு செட்டே மாத்தணும் சார்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் லைட் சுவிட்சைத் தொடாமல் பிரேக்கை மட்டும் மிதித்துப் பார்க்கச் சொன்னேன். மிதித்தார், வண்டிக்கு முன்னால் நின்ற என் பையன் "அண்ணே, இங்க பார்க் லைட் லேசா எரியுது" என்று கத்தினான். பார்க் லைட் என்பது டெயில் லாம்போடு சேர்ந்து எரிகிற முன்பக்கச் சின்ன விளக்கு. பிரேக் மிதித்தால் அது ஏன் எரிய வேண்டும்? பல்புக்குள் போன கரண்ட் வெளியே வர எர்த் வழியாகத்தான் வர வேண்டும். அந்த வழி அடைத்துக்கொண்டால், கரண்ட் சும்மா இருக்காது. பக்கத்து இழை வழியாகத் திரும்பி, பார்க் லைட் வயரைப் பிடித்துக்கொண்டு, வேறு எந்த விளக்கின் எர்த் கிடைக்கிறதோ அங்கே போய்ச் சேரும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து கண் சிமிட்டுவது, எல்லாம் மங்கலாக எரிவது, எல்லாமே இதே கோளாறுதான். ஒரு வயர்த்துண்டை எடுத்து ஹோல்டரின் எர்த்திலிருந்து பாடியின் இரும்புக்குத் தொட்டேன். குப்பென்று எரிந்தது.

டிக்கிக்குள் விரிப்பைத் தூக்கினால், எர்த் வயரைப் பிடித்திருந்த ஸ்குரூ துருப்பிடித்து, வயர் நுனியில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது ஸ்குரூ போட்டு, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினோம். கால் மணி நேரம். சார் நம்பவே இல்லை. வீட்டுக்குப் போய் அவர் வீட்டுச் சுவரில் வெளிச்சம் விழ வைத்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

இழை பல்பில் ஒரு வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். அதனால்தான் கொஞ்சம் துரு கூட இவ்வளவு வேலை காட்டுகிறது. எட்டு மாதம் வெயிலில் வறுபட்டு, அப்புறம் மழையில் ஊறுகிற நம் ஊர் வண்டிகளுக்கு இது மாமூல்.

எந்த விளக்கு எரியவில்லை என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் போனால் பல்பு, ஹோல்டர், எர்த். நடுவில் வண்டியின் பின் கண்ணாடிக்குள் இருப்பதும் சேர்த்து மூன்று பிரேக் லைட்டும் எரியவில்லை என்றால் பல்பைத் தொடாதீர்கள். ஃபியூஸ் போயிருக்கும், இல்லாவிட்டால் பெடலுக்கு மேலே உள்ள பிரேக் சுவிட்ச். இதற்கு நேர் எதிர்க் கூத்தும் உண்டு. வண்டியை நிறுத்திப் பூட்டிய பிறகும் பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும், காலையில் பாட்டரி காலி. அப்போது டிரைவர் காலடி மிதியடியைப் பாருங்கள். நொறுங்கிய பிளாஸ்டிக் துணுக்கு கிடந்தால், சுவிட்சை அழுத்திப் பிடித்திருந்த சின்ன பட்டன் வெயிலில் உடைந்து விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த பட்டனின் விலை ஒரு காபி, டிபன் அளவுதான்.

புது வண்டிகளில் எல்இடி. பாராட்ட ஒரு விஷயம் உண்டு: இழை பல்பு முழு வெளிச்சத்துக்கு வர கிட்டத்தட்ட 0.2 விநாடி ஆகும், எல்இடி உடனே எரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறவர் அந்த நேரத்துக்குள் நான்கு மீட்டருக்கு மேல் வந்துவிடுவார், ஒரு சின்னக் காரின் நீளம். ஆனால் கம்பெனி எல்இடியில் கோளாறு வந்தால் பல்பு மாதிரிக் கழற்றி மாட்ட முடியாது. பெரும்பாலும் லாம்பையே மாற்றும்படி ஆகும். பழைய வண்டிக்கு எல்இடி பல்பு வாங்கிப் போட ஆசைப்படுகிறவர்கள், சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்இடியே வாங்குங்கள். வெள்ளை போட்டால் ரோஸ் கலரில் சோகையாக எரியும். இண்டிகேட்டரில் போட்டால் படபடவென்று வேகமாக அடிக்கும். கரண்ட் குறைவாக இழுப்பதால் பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டது என்று வண்டி நினைத்துக்கொள்கிறது.

இன்னொன்று, பகலிலும் முன்னால் தானே எரிகிற வெள்ளை விளக்கு உள்ள வண்டிக்காரர்களுக்கு. வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கம் தெருவிளக்கு வெளிச்சத்தில் போகும்போது டேஷ்போர்டு பளபளவென்று இருக்கும், முன்னால் வெளிச்சமும் தெரியும், லைட் போட்டாயிற்று என்று நினைத்துவிடுவீர்கள். பல வண்டிகளில் அந்த விளக்கு மட்டும் எரியும்போது பின்னால் ஒன்றுமே எரியாது. வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். சுவிட்சைத் திருப்புங்கள்.

லாம்புக்குள் லேசாக ஆவி படிந்து, வண்டி ஓடியதும் மறைந்துவிட்டால் விட்டுவிடலாம். தண்ணீர் தேங்கி அலை அடித்தால் லாம்பைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் பீடிங் போய்விட்டது, கொண்டு வாருங்கள். துளை போடுகிறேன் என்று டிரில்லை எடுக்காதீர்கள். லாம்பின் சிவப்புக் கண்ணாடி உடைந்து வெள்ளையாக எரிகிற வண்டிக்கு, புதுசு கிடைக்கும் வரை சிவப்பு டேப் ஒட்டித் தருகிறோம். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள் கேட்பது டெயில் லாம்புக்குச் சிவப்பு, நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை. பம்பரில் உள்ள சிவப்பு ரிஃப்ளெக்டர் மேல் சாமி ஸ்டிக்கர் வேண்டாம். பாட்டரி செத்து ஹைவே ஓரம் நிற்கும்போது உங்களைக் காட்டிக்கொடுப்பது அது ஒன்றுதான்.

ஆள் துணை இல்லாமல் பார்க்க வேண்டுமா? இருட்டியதும் வண்டியை ரிவர்ஸில் சுவர் பக்கம் விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே கண்ணாடியில் பாருங்கள். இரண்டு சிவப்பு வட்டமும் ஒரே அளவாக விழ வேண்டும். அதுவும் சிரமம் என்றால் சாயந்திரம் 6 மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள். பார்த்துச் சொல்வதற்குக் காசு இல்லை. முன்பு எங்களிடம் ஸ்டிக்கர் ஒட்டியவர்களுக்கு உரித்துத் தருவதும் இலவசம்; பசை போக அரை மணி நேரம் ஆகும், டீ நாங்கள் சொல்கிறோம். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இல்லை. வரும்போது டிக்கியைக் காலி செய்துவிட்டு வாருங்கள். போன வாரம் ஒருவர் வண்டியில் இரண்டு மூட்டை அரிசியை இறக்கி வைத்துவிட்டுத்தான் எர்த் ஸ்குரூவையே பார்க்க முடிந்தது.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை,
காட்பாடி ரோடு, வேலூர்.