விரலில் மை வைக்காத ஊர்

ஆஷ்பர்ன், வர்ஜீனியா
14.9.2025, ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா, சாப்பிட்டாயா என்று வாட்ஸப்பில் கேட்டால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். மூன்று வாரமாக அந்தக் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். தமிழில் எழுதினால் நீ மெதுவாகப் படிப்பாய். உன் ஆபீஸ் பிள்ளைகள் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. புரியாத இடம் வந்தால் போட்டோ எடுத்துச் சித்திக்கு அனுப்பாதே. என்னைக் கேள்.

முதலில் ஷூ. தேர்தலில் நிற்கிறேன் என்று வீடு வீடாக ஓட்டுக் கேட்டு நடக்கிறாயே. அந்த வெள்ளை ஷூவின் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததை அன்றைக்கே கவனித்தேன். வேறு வாங்கு. மணி அடித்ததும் இரண்டு படி இறங்கி நில், எந்த வீட்டில் நாய் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இருட்டின பிறகு தனியாகப் போகாதே. தண்ணீர் பாட்டிலைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்குகிறாய், அதுவும் கூடாது.

மன்னார்குடியிலிருந்து சித்தி நேற்றும் பேசினாள். துளசேந்திரபுரம் அங்கிருந்து கிட்டேதானே. தாத்தா ஊர் என்பதால் கமலா ஹாரிஸுக்காக அங்கே ஊரெல்லாம் பேனர் கட்டி, கோயிலில் பூஜை செய்ததை அவள் மறக்கவே இல்லை. "இவளுக்கும் ராஜகோபாலசாமிக்கு ஒரு அர்ச்சனை செய்துவிடுகிறேன், நட்சத்திரம் சொல்லு" என்றாள். நீ நிற்பது வாஷிங்டனுக்கு இல்லை, நம் மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் 100 பேர் உட்காரும் சபைக்கு என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். "எம்.எல்.ஏ. மாதிரியா? அப்ப கார் குடுப்பாங்களா?" என்கிறாள். சம்பளம் என்ன என்று கேட்டதும் பேச்சை மாற்றினேன். வருஷத்துக்கு 17,640 டாலர் என்று எந்த வாயால் சொல்வது? அதற்காகவா அந்த வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாய் என்று நான் கேட்கவில்லை. அப்பா கேட்டார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் ஒரு மாதிரி கேட்டதுதான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நூலகத்தில் நடந்த கூட்டத்தில் நீ பேசியதை நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். நீ பார்க்கவில்லை. நம் மாடி ஜன்னலிலிருந்து தெரியுமே, ஜன்னலே இல்லாத அந்தப் பெட்டிக் கட்டடங்கள், அதைப் பற்றித்தான் பேச்சு. உலகத்திலேயே டேட்டா சென்டர்கள் இவ்வளவு நெருக்கமாக இருப்பது நம் கவுண்டியில்தானாம். வரிப்பணம் வருகிறது, சரி, மின்கம்பி யார் வீட்டுக் கொல்லையில் போகிறது, அந்தச் செலவு யார் கரண்ட் பில்லில் ஏறுகிறது என்று கேட்டாய் பார், எனக்கு உன் தாத்தா குரல் கேட்டது. கார் வரியைப் பற்றிக் கோபமாகக் கேட்ட பெரியவருக்குக் குரலை உயர்த்தாமல் பதில் சொன்னாய். என்னிடம் மட்டும் ஏன் குரலையே காட்டமாட்டேன் என்கிறாய்?

கோயிலில் எல்லோரும் உன்னைப் பற்றித்தான் பேச்சு. 100 டாலருக்கு மேல் கொடுத்தவர்கள் பெயரெல்லாம் வெளியே தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இப்போது மாமிகள் அதை மொய் நோட்டு மாதிரி படிக்கிறார்கள். யார் 101, யார் 251 என்று ஒரு கணக்கு. கஸாலா ஹஷ்மியையும் உன்னையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஹைதராபாதில் பிறந்து, நாலு வயசில் வந்து, கல்லூரியில் பாடம் நடத்தி, 2019இல் மாநில செனட்டுக்குப் போய், இப்போது துணை ஆளுநர் பதவிக்கு நிற்கிற அம்மா. அவர் அறுபது வயசில் செய்வதை இவள் இருபத்தேழில் செய்கிறாள் என்று ஒரு மாமி சொன்னார். பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சுற்றிப் போட்டேன். நீதான் இல்லை, வாசலில் நட்டிருக்கிற உன் பெயர்ப் பலகைக்கு, அந்த யார்டு சைனுக்குச் சுற்றிப் போட்டேன்.

அந்த யார்டு சைன். பெயரைச் சுருக்கு என்று நான்தானே உன்னிடம் சண்டை போட்டேன்? உன் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து 19 எழுத்து, பலகையில் இடமே இல்லை, காரில் போகிறவன் படிப்பதற்குள் சிக்னல் விழுந்துவிடும் என்றேன். "படிக்கக் கத்துக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டாய். எனக்கு அன்றைக்குக் கோபம். கோபம் இல்லை, பயம்.

உனக்கு எட்டு வயசு இருக்கும், 2006. அப்போது இங்கே செனட்டராக இருந்த ஜார்ஜ் ஆலன் ஒரு கூட்டத்தில் எதிர்க்கட்சிக்காக கேமரா பிடித்துக்கொண்டிருந்த நம் ஆட்கள் பையனைப் பார்த்து, குரங்கைக் குறிக்கிற "மகாகா" என்ற பெயரால் கூப்பிட்டு, அமெரிக்காவுக்கு நல்வரவு என்றாரே. அந்தப் பையன் பிறந்து வளர்ந்ததே இந்த வடக்கு வர்ஜீனியாவில். பத்தாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் ஆலன் செனட் பதவியை இழந்தார். அந்த ஒரு வார்த்தைதான் அவரைக் கவிழ்த்தது என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். அப்பா அதிலிருந்து தைரியத்தை எடுத்துக்கொண்டார். நான் வேறு எதையோ எடுத்துக்கொண்டேன். கூட்டத்தில் நம் முகம் தனியாகத் தெரிகிற இடத்தில் நிற்கக் கூடாது என்று.

ஷூ வாங்கினாயா? மறக்காதே.

சரி, சுற்றி வளைத்தது போதும். அன்றைக்கு நம் தெருவுக்கு வந்துவிட்டு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தாய். தயிர்சாதம், மாவடு. இடது கையில் போனில் வாக்காளர் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, "நம்ம வீட்டையும் காட்டுதும்மா, பாரு, அப்பா பெயருக்கு நேரா வரிசையா எல்லா வருஷமும் இருக்கு" என்று சிரித்தாய். விரலால் ஒரு தடவை கீழே தள்ளினாய். சிரிப்பு நின்றது. போனைக் கவிழ்த்து வைத்தாய். ஸ்பூனால் சாதத்தை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே இருந்தாய். மாவடு அப்படியே கிடந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, நாலு மணிக்கு இன்னொரு தெரு இருக்கு என்று கிளம்பிவிட்டாய்.

யாருக்குப் போட்டார்கள் என்று அந்தப் பட்டியல் சொல்லாது, போட்டார்களா இல்லையா என்று மட்டும் சொல்லும் என்று நீதான் அப்பாவுக்கு விளக்கினாய். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றையிலிருந்தே எனக்குத் தெரியும், ஒருநாள் நீ பார்ப்பாய் என்று.

பார்த்தது சரிதான். நான் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. 2008இலிருந்து பதினேழு நவம்பர் போய்விட்டது. இந்த மாநிலத்தில் வருஷா வருஷம் ஏதாவது ஒரு தேர்தல் வந்து தொலைக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அப்பா காலை ஆறு மணிக்கே போய்விட்டு வருவார். நான் அப்புறம் போகிறேன் என்பேன். சாயங்காலம் கேட்டால் போய்விட்டு வந்தேன் என்பேன். இங்கே விரலில் மை வைப்பதில்லையே. பொய் சொல்வது சுலபம்.

முதல் வருஷம் நிஜமாகவே போனேன், அதை நீ நம்ப வேண்டும். அந்த வருஷம் குடியுரிமைப் பரீட்சைக்கு நீதான் எனக்கு வாத்தியார். நூறு கேள்வியையும் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்பாய். ஆளுநர் யார்? டிம் கெய்ன். குடிமக்களுக்குள்ள மிக முக்கியமான உரிமை எது? ஓட்டுரிமை. அதை நான் தப்பாகச் சொன்னதே இல்லை.

நவம்பரில் உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். ஒரு பள்ளிக்கூடத்து ஜிம். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. என் முறை வந்ததும் பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். இங்கே நாம் பெயரைச் சொன்னால் அவர்கள் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் சட்டம் என்று அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்கு என்னை ஏலம் போடுவது போல் இருந்தது. பட்டியலைப் பார்த்தவர் ஒரு மாதிரி சொன்னார், பட்டியலில் இல்லை. இன்னொரு மாதிரி சொன்னார், இல்லை. எப்படி இருக்கும்? பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் கடைசிப் பெயராகிவிட்டது, தேட வேண்டியது தாத்தா பெயரில். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்றுகூட இல்லை, அவர்கள் பேச்சு அவர்களுக்கு. கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், போன் செய்து கேட்கிறேன் என்றார் அந்த மனிதர். மரியாதையாகத்தான் சொன்னார். சுவரோரம் நின்றேன். பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் வெளியே வந்துவிட்டேன்.

வாசலில் ஒரு வயசானவர் எல்லோருக்கும் "நான் ஓட்டுப் போட்டேன்" ஸ்டிக்கர் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அதைத்தான் நீ உன் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தாய். இன்னும் இருக்கிறது. தூசி தட்டும்போதெல்லாம் அந்தக் கதவை மட்டும் விட்டுவிடுவேன்.

2018 ஜனவரி உனக்கு ஞாபகம் இருக்கும். காலேஜ் லீவில் வந்திருந்தாய். நியூபோர்ட் நியூஸ் நகரத்தில் இதே சபைக்கு நின்ற இரண்டு பேருக்கும் 11,608 ஓட்டு, சமம். மறு எண்ணிக்கையில் அவர்களில் ஒருவரான பெண் ஒரே ஓட்டில் ஜெயித்து, தள்ளிவைத்திருந்த ஒரு சீட்டை மறுநாள் கணக்கில் சேர்த்து மறுபடி சமமாகி, கடைசியில் ஒரு கிண்ணத்தில் இரண்டு பெயரைப் போட்டு ஒன்றை எடுத்தார்கள். சபை முழுக்க யார் கையில் என்பதே அந்தக் கிண்ணத்தில் இருந்தது. "இது நம்ம உத்திரமேரூர் குடவோலை" என்று அப்பா சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு ஓட்டும்மா, யாரோ ஒருத்தர் வீட்டில இருந்திருக்காங்க" என்றாய். நான் ரசம் எடுக்க எழுந்து போனேன். ரசம் மேஜை மேலேயே இருந்தது.

நீ அரசியலுக்கு வந்ததே அந்தக் கிண்ணத்தால்தான் என்று மேடையில் சொல்கிறாய். கேட்கும்போதெல்லாம் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். இந்த மார்ச் குளிரில் மளிகைக் கடை வாசலில் நின்று, வேட்பாளராக நிற்க உனக்கு வேண்டிய 125 கையெழுத்துக்கு அப்பாவோடு நானும் ஆள் பிடித்தேன். ஜூனில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போட மறந்துவிடாதீர்கள் என்று வேறு சொன்னேன். உன் தாத்தா தேர்தல் வேலைக்குப் போய் ஓட்டுப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு லாரியில் தூங்கிய கதை உனக்குத் தெரியும். 1996இல் மன்னார்குடியில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து விரலைக் காட்டினேன், மை சரியாக வைத்திருக்கிறார்களா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தார். அவர் பெயரைச் சத்தமாகச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. நீ அப்பா பெயரை ஊரெல்லாம் நட்டுவைத்திருக்கிறாய்.

என் மேல் கோபம் இருந்தால் திட்டிவிடு. கட்டைவிரல் காட்டாதே.

முன்கூட்டியே ஓட்டுப் போடுவது இந்த வெள்ளிக்கிழமை, 19ஆம் தேதி தொடங்குகிறது. காலையிலேயே போகிறேன். நீ வராதே. ஓட்டுச்சாவடிக்கு நாற்பது அடிக்குள் உன் சட்டையில் அந்தப் பிரசார பேட்ஜ் இருந்தால் அது வேறு தகராறு. அப்பாவிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், வியாழக்கிழமை ராத்திரி நானே சொல்லிவிடுகிறேன். லைசன்ஸைப் பர்ஸில் எடுத்து வைத்துவிட்டேன். தாத்தா பெயரை முதலில், என் பெயரை அப்புறம் சொல்ல வேண்டும். குளிக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன்.

பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் கட்டி வைத்திருக்கிறேன். சாயங்காலம் இந்தப் பக்கம் தெரு ஏதாவது இருந்தால் வந்து எடுத்துக்கொண்டு போ. போன தடவை கொடுத்த எவர்சில்வர் டப்பா இரண்டும் இன்னும் வரவில்லை.

அம்மா