குடிலில் செழிக்கும், முற்றத்தில் கருகும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராமநாதபுரம் கடலோரத்தில் உச்சிப்புளிப் பக்கம் பாழடைந்து கிடந்த பசுமைக்குடிலைச் சீர்செய்து செடி விற்பனைக்குத் திறந்திருப்பதைப் படங்களோடு வெளியிட்டிருந்தீர்கள். குடில் அழகுதான். குழாய்களுக்கு வெல்டிங் வைக்காமல் கிளாம்பும் போல்ட்டும் போட்டு நிறுத்தியிருப்பது உப்புக்காற்றை அறிந்தவர் வேலை. வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும்; துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். ஆனால் செடி வாங்கப் போகிறவருக்கு வேண்டிய விவரம் கட்டுரையில் இல்லை.

நிழல்வலைக்குள் காற்றுப் படாமல் வளர்ந்த இலை மெல்லியது. கொண்டுவந்த அன்றே வெட்டவெளியில் நட்டால் இரண்டு நாளில் ஓரம் கருகும். ஒரு வாரம் வேப்பமர நிழல், அடுத்த வாரம் காலை வெயில் மட்டும், அதன் பிறகே நடவு. ஐப்பசியில் நாலு மழை விழுந்து மண்ணில் இருந்த உப்பு கீழே இறங்கிய பிறகு நடுவது உத்தமம். ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது வாங்கவே வேண்டாம். நட்டுத் தொலைத்திருந்தால் தென்மேற்குப் பக்கம் பனையோலைத் தட்டி கட்டுங்கள்.

பையை அழுத்திப் பாருங்கள். வெளியூரிலிருந்து, குறிப்பாக ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வரும் செடிகள் பலவும் இறுகிய களிமண் உருண்டையோடு வருகின்றன. அதை அப்படியே நம் மணலில் வைத்தால், ஊற்றுகிற தண்ணீர் உருண்டைக்குள் போகாமல் சுற்றியுள்ள மணல் வழியே இறங்கிவிடும். மண் ஈரமாகத் தெரியும், செடி தாகத்தில் சாகும். நடுவதற்கு முன் பையோடு வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி நிற்கும்வரை வையுங்கள். பிறகு பையைக் கிழித்து, அடியில் சுருண்ட வேரை நறுக்கி, உருண்டையின் ஓரங்களை விரலால் உதிர்த்துவிட வேண்டும். இரண்டடிக் குழிக்கு இரண்டு கூடை கண்மாய்க் கரம்பையும் (வண்டல் மண்) ஒரு கூடை மக்கிய சாணமும் மணலோடு கலந்தால் ஈரம் நிற்கும். தென்னைநார்க் கழிவு போடுவதென்றால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழியாமல் போடாதீர்கள்; அதிலேயே உப்பு இருக்கும்.

செடியைத் தேர்ந்தெடுக்கும் முன் வீட்டுத் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 450 பிபிஎம்முக்குள் இருந்தால் எதுவும் வரும். 2000 தாண்டினால் ரோஜாவையும் எலுமிச்சையையும் மறந்துவிடலாம், பூத்துக் குலுங்கி நின்றாலும். பூவரசு, புன்னை, அரளி, காகிதப்பூ, சப்போட்டா தாங்கும். சப்போட்டா ஒட்டுக்கன்றில் ஒட்டுப் பகுதிக்குக் கீழே துளிர் வந்திருந்தால் அது சப்போட்டா இல்லை, ஒட்டுக்கு வேர்ச்செடியாக வைத்த பாலா மரத்தின் துளிர்; கிள்ளி எறியுங்கள். ஒட்டில் சுற்றிய பிளாஸ்டிக் நாடாவைப் பிரிக்காமல் விட்டால் தண்டை இறுக்கிவிடும். தொட்டியில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை அடித்துளை வழியே வழிந்தோடும்வரை ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

இன்னொன்று. வாசலில் குரோட்டன்ஸ் வரிசைகட்டி நிற்கிறது, மல்லிகை நாற்று ஒரு கட்டுகூட இல்லை. மதுரை மல்லித் தோட்டங்களுக்கே நாற்று நம் தங்கச்சிமடத்திலிருந்து போகிறது. மணலில் வேர்விட்ட பதியன் என்பதால் பிடுங்கும்போது வேர் அறாமல் வரும். ஈரச்சாக்கில் சுற்றினால் பயணம் தாங்கும். ஒன்றரை அடிக் குழியில் நட்டு, கார்த்திகை வாக்கில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் போதும். பக்கத்திலேயே கிடைப்பதை விட்டுவிட்டு அத்தனை தூரத்து லாரி எதற்கு?

குடில்காரர்கள் நாற்றுக் கட்டு கொஞ்சம் வரவழைக்கட்டும். எந்தச் செடி எத்தனை நாள் வலைக்கு வெளியே வெயில் கண்டது என்று ஒரு சீட்டும் தொங்கவிடட்டும்.

இப்படிக்கு,
மண்டபம் வட்டாரத் தோட்டக்கார வாசகர்கள்