டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்

கோத்தகிரி
15.6.2025

அன்பு நண்பா,

நலம். அங்கே நீயும் பெரியம்மாவும் நலமா? வாட்ஸ்அப்பில் நீ அனுப்பும் காலை வணக்கப் பூக்களுக்கெல்லாம் சேர்த்து இந்த ஒரு கடிதம். கூடலூர்ப் பக்கம் மழை கொட்டுகிறது என்கிறார்கள். இங்கே சாரலும் குளிரும்தான். போன வாரம் எங்கள் தோட்டத்து லைன் வீடுகளுக்குக் கீழே இருக்கிற கோயிலில் கரடி புகுந்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. பூசாரி இப்போதெல்லாம் எண்ணெய் டின்னை வீட்டுக்கே எடுத்துப் போய்விடுகிறார்.

மகளின் பிரசவத்துக்காக நானும் வீட்டுக்காரியும் அமெரிக்கா போய் நாலு மாதம் இருந்தது உனக்குத் தெரியும். பேரன் படத்தைப் பார்த்திருப்பாய். சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. சால்ட் லேக் சிட்டியில் ‘ரூட்ஸ்டெக்’ என்று ஒரு மாநாடு. தன் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர்களுக்கானது. 2011இலிருந்து நடக்கிறது. இந்த வருடம் மார்ச் 6 முதல் 8 வரை. “அப்பா, சும்மா குழந்தையைத் தூக்கிக்கிட்டே உட்கார்ந்திருக்கீங்க, வாங்க” என்று மகள் ஒருநாள் கூட்டிப்போனாள். நான் போனது மாநாட்டுப் பேச்சு கேட்க அல்ல, கண்காட்சிக் கூடத்தைப் பார்க்க.

ஊட்டி மலர்க் கண்காட்சிக் கூட்டத்தை ஒரே கூரைக்குள் அடைத்தால் எப்படி இருக்கும், அப்படி. ஆனால் பாதிப் பேர் நம் வயதுக்காரர்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் பெயர் அட்டை. அதற்குக் கீழே வண்ண வண்ணமாக ரிப்பன்களை ஒட்டிக்கொண்டே போகிறார்கள், சிலருக்குத் தொப்பை வரை தொங்குகிறது. ஒரு கடையில் பழைய படத்துக்கு வண்ணம் ஏற்றுகிறார்கள். இன்னொன்றில் படத்தில் இருப்பவரைத் தலை அசைக்க வைக்கிறார்கள். அப்பாவின் பாஸ்போர்ட் படத்தை மகள் கொடுத்தாள். அப்பா கண்ணைச் சிமிட்டி, லேசாகச் சிரித்தார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்பா எப்போது அப்படிச் சிரித்தார்? அதை அழித்துவிடச் சொன்னேன்.

மாநாட்டை நடத்துவது ஃபேமிலிசர்ச். மார்மன் என்கிற கிறிஸ்தவ சபையாருடையது, 1894இல் தொடங்கியது. உலகம் முழுக்கப் போய்ப் பதிவேடுகளைப் படம் எடுத்து, 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள் சேர்த்து, 2021இல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றி முடித்துவிட்டார்கள். பழைய ஆங்கிலக் கையெழுத்தை இயந்திரமே படித்துப் பெயரைத் தேடித் தருகிறது. தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற கங்காணி எழுதிய தமிழைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்று கேட்டேன். இறந்துபோன முன்னோர்களுக்கும் கோயிலில் சடங்கு செய்வார்களாம், அதற்குப் பெயர் தெரிய வேண்டுமாம்.

அதைக் கேட்டதும் எனக்கு ராமேஸ்வரம் ஞாபகம் வந்துவிட்டது. 1973. இலங்கைத் தோட்டத்தை விட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறித் தாயகம் திரும்பி இறங்கியிருந்தோம், எனக்குப் பதினொரு வயது. மண்டபம் முகாமில் எங்களை வைத்திருந்தார்கள். வந்த இடத்தில் திதி கொடுத்துவிட வேண்டும் என்று அப்பா அக்கினி தீர்த்தத்துக்கு என்னையும் கூட்டிப் போனார். ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். அப்பன், தாத்தன், பூட்டன் பெயரைச் சொல்லிவிட்டார் அப்பா. அம்மா பெயரும் சொன்னார். “அப்பாவோட அம்மா?” என்றார் ஐயர். அப்பா முழித்தார். “அப்பாயின்னு கூப்பிடுவோம் சாமி” என்றார். ஐயர் அவராகவே ஒரு பெயரைப் போட்டு மந்திரத்தை முடித்துவிட்டார். அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

சரி, கூடத்துக்கு வருகிறேன். குடும்ப மரம் போட்டுத் தருகிற ஒரு கடையில் உட்கார்ந்தேன். பையன் நல்லவன், பொறுமைசாலி. முதல் கேள்வியே குடும்பப் பெயர். “எங்களுக்கு அது கிடையாதப்பா, அப்பா பெயரின் முதல் எழுத்துதான்” என்று மகள் விளக்கினாள். அப்புறம் அப்பா, அம்மா. என் அப்பா தன் அக்கா மகளைக் கட்டியவர், உனக்குத் தெரியாததா. அம்மாவின் அம்மா எனக்கு அத்தையும்தானே! கோடு போய் அந்தக் கட்டத்திலேயே வந்து முட்டியது. தவறு இருக்கலாம், சரிபார்க்கவும் என்று திரையில் எச்சரிக்கை வந்தது. பையன் இரண்டு தடவை அழித்துப் போட்டான். தவறு இல்லை, அதுதான் எங்கள் குடும்பம் என்றேன். மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாருக்கும் அங்கே ஒரே ‘அங்கிள்’. இதில் எதைக் கண்டுபிடிப்பது?

எச்சில் துப்பிக் கொடுத்தால் டிஎன்ஏ பார்த்துச் சொந்தக்காரர்களைச் சொல்லும் கடைகளும் இருந்தன. இரண்டு பேருக்கும் எவ்வளவு டிஎன்ஏ பொதுவாக இருக்கிறது என்று சென்டிமார்கன் என்கிற அளவில் கணக்குப் போடுகிறார்கள், தாய்க்கும் பிள்ளைக்கும் 3,400 போல. உறவுக்குள்ளேயே கட்டியவர்களுக்குக் கணக்கு கூடிப்போய், தூரத்துச் சொந்தமும் கிட்டத்துச் சொந்தமாகத் தெரியுமாம். நம் லயத்து (லைன் வீட்டு) ஆட்கள் நாலு பேர் துப்பினால் போதும், மெஷின் திணறிவிடும். நான் துப்பவில்லை.

இன்னொரு மேசையில் ஒரு வெள்ளைக்கார அம்மா. ஊர் எது என்றார், நீலகிரி என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும், வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்து இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட் என்கிற இணையதளத்தில் இருக்கின்றன. அதைத் திறந்து குன்னூர், ஊட்டி என்று தட்டினார். துரைமார் பிள்ளைகளின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் தேதியோடு வந்து விழுந்தன. ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்தில் கலெக்டர் சலிவனின் மனைவியும் மகளும் 1838இல் அடங்கிய கல்லறையை நானே பார்த்திருக்கிறேன், அதைச் சொன்னதும் அந்த அம்மாவுக்கு ஏக சந்தோஷம். “உங்க ஆட்கள் பெயர் சொல்லுங்க, தேடலாம்” என்றார். நான் என்ன சொல்ல? அப்பாயி என்றா?

அப்பா சொன்னதில் மிஞ்சியது ஒன்றுதான். அப்பாயி இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்கு வரும்போது கழுத்தில் டின் டிக்கட் கட்டியிருந்தாளாம். தகரத்தில் தோட்டத்து நம்பர், ஆள் நம்பர். பெயர் கிடையாது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வருவதற்கு முன்பா, பின்பா என்பதுகூட அப்பாவுக்குத் தெரியவில்லை. தொப்பை வரை ரிப்பன் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தபோது அந்தத் தகரம்தான் மனசில் ஆடியது.

கடைசியாக ஸ்கேன் செய்கிற இடம். தாயகம் திரும்பும்போது கொடுத்த குடும்ப அட்டையையும் பாஸ்போர்ட்டையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். குடும்ப அட்டை கிழிகிறதே என்று பத்து வருடம் முன்னால் லேமினேட் செய்து வைத்தேன். ஸ்கேனரில் வைத்ததும் பளபளவென்று வெளிச்சம் அடித்து, அம்மாவின் பெயர் இருக்கிற வரி வெள்ளையாகிவிட்டது. அங்கே நின்ற பெண், “அட, ஏன் இப்படிச் செய்தீர்கள், இனிப் பிரிக்க முடியாதே” என்றாள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை உரித்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடுமாம். சாய்த்து, திருப்பி, எப்படியோ ஒரு படம் எடுத்துத் தந்தாள்.

இதையெல்லாம் உனக்கு எழுதக் காரணம் இருக்கிறது. உன் தாத்தா சில்லறைக் கங்காணி, பெரிய கங்காணிக்குக் கீழே இருந்தவர். எங்கள் ஆட்கள் அவர் கணக்கில்தான் பேர் பதிந்தார்கள். உன் வீட்டுப் பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டி இருக்குமே, அதில் நீளவாக்கில் ஒரு பேரட்டு நோட்டை, ஆட்களின் பேர் பதிகிற நோட்டை, பார்த்து நாம் இரண்டு பேரும் அடி வாங்கினோம், ஞாபகம் இருக்கிறதா? பழுப்பு அட்டை, மூலையில் எலி கடித்தது. அது இருக்கிறதா பார். இருந்தால் தூசியைத் துணியால் துடைக்காதே, மெல்லிய பிரஷ்ஷால் தட்டு. செல்லோடேப் ஒட்டாதே. என்னை மாதிரி கடைக்கு எடுத்துப்போய் லேமினேட் செய்துவிடாதே. ஜன்னல் பக்கம் வெயில் நேரே விழாத இடத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடு. வெறும் பக்கத்தையும் விடாதே.

நோட்டு இல்லாவிட்டாலும் பெரியம்மா இருக்கிறார். இந்த வருடம் அவருக்கு 89 என்று எழுதியிருந்தாய். அப்பாயி செத்தபோது அவர் கொழுந்து கிள்ளப் போகிற வயதுப் பிள்ளை. அப்பாயியை ஊரார் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேள். மத்தியானத்தில் கேட்காதே, அப்போது அவருக்குத் தூக்கம் கண்ணைச் சொருகும். காலையில் தேத்தண்ணி குடித்து வெற்றிலை போடும்போது கேட்டால் பேச்சு வரும். போனில் பதிவைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வை. பேர் ஞாபகம் வராவிட்டால் வற்புறுத்தாதே, வேறு ஏதாவது பேசட்டும், அதையும் பதிவு செய்.

ஆடி அமாவாசைக்கு நான் ராமேஸ்வரம் போகிறேன். அதற்குள் தெரிந்தால் ஒரு போன் போடு. ராத்திரி எந்நேரமானாலும் பரவாயில்லை.

உன் பழைய தோழன்