இரண்டாம் பருவ முடிவில் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டிலும் கலைத் திருவிழாவிலும் பிள்ளைகள் பரிசு வாங்கியிருக்கிறார்கள். எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், பழவேற்காடு ஏரிக்கரையில் பறவைகளைப் பார்த்து எண்ண நாம் போகும் பறவை நடை பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

ஞாயிறு தூக்கத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு நீங்களும் வருவது எங்களுக்குப் பெரிய பலம். ஆனால் போன நடையில் நடந்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரை அலசி மேய்ந்துகொண்டிருந்தன. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி பத்துப் பத்தாக எண்ணி நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பாதிகூட எண்ணி முடிக்கவில்லை. பறக்கும்போது வீடியோ எடுக்க வேண்டுமென்று பெரியவர்கள் சிலர் கைதட்டி, மண்ணாங்கட்டி எறிந்தார்கள். மொத்தக் கூட்டமும் எழும்பித் தடா ஊர்ப் பக்கமாகப் போய்விட்டது. அன்றைய பட்டியலில் பூநாரைக்கு எதிரே எண்ணே இல்லை.

ஒரு எண்தானே என்று தோன்றலாம். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்தால் கடல்நீர் வரத்து குறைகிறது, உப்பு மாறுகிறது, இறாலும் மீனும் குறைகின்றன. ஏரியின் நிலை பறவைக் கணக்கிலும் தெரியும். அதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே நேரத்தில், 15 நிமிடமாவது எண்ணி, பறவைக் கணக்குகளைச் சேர்க்கும் இ-பேர்டு இணையதளத்தில் பதிகிறோம். பாறு கழுகுகள் குறைந்ததைக் கணக்குதான் காட்டிக்கொடுத்தது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலிமருந்து, செத்த மாடுகளைத் தின்ற கழுகுகளைக் கொன்றதுதான் காரணம் என்று பிறகு தெரிந்து, 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள்.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பறவைகளை விரட்டுபவர் யாராக இருந்தாலும், ஆசிரியரே ஆனாலும், அடுத்த நடைக்கு அழைத்துப் போக மாட்டோம். இது சரணாலயம்; இங்கே பறவைகளைச் சீண்டுவது சட்டப்படியும் குற்றம்.

உங்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கே, மீன்பிடித் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்த நம் பெற்றோர் இருவர் பறவைக் கூட்டத்தைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்து, கழி ஊன்றிப் படகை ஒதுக்கிப் போனார்கள். அவர்களுக்குப் பள்ளியின் மனமார்ந்த நன்றி.

பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குப் போகிறோம். காலை 6 மணிக்குப் பள்ளி வாசலுக்கு வந்துவிடுங்கள். மங்கலான நிறத்தில் உடுத்தி வந்தால் நல்லது. போனைச் சைலண்டில் வையுங்கள். தமிழ் படிக்காத தாத்தா பாட்டிகளுக்குப் பிள்ளைகளே இதைத் தெலுங்கில் படித்துச் சொல்லட்டும். அவர்களும் வந்தால் எங்களுக்கு மகிழ்ச்சி. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்