ஒன்பதாம் அட்டவணைக்கு ஒரு கைநூல்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

எமது வாசிகசாலையில் இலங்கை அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. முன்பக்கங்கள் புத்தம் புதிதாய்க் கிடக்க, ஒன்பதாம் அட்டவணை மட்டும் கிழிந்து, ஒட்டி, மறுபடியும் கிழிந்துவிட்டது. பிள்ளைகள் போட்டோக்கொப்பி எடுத்து எடுத்து வந்த வினை. மாகாணத்துக்கு எது, மத்திக்கு எது, இரண்டுக்கும் பொது எது என்று பிரித்துச் சொல்வது அந்தப் பக்கங்கள்தான்.

படித்தாலும் இலகுவில் விளங்காது. பொதுவான விடயங்களின் பட்டியலுக்கு 'ஒருங்கியை நிரல்' என்று பெயர். எங்கள் குழுவிலுள்ள ஓய்வுபெற்ற தமிழாசிரியரே அகராதி தேடினார்!

சென்ற மாரியில் வீட்டு வாசலில் நின்ற வெள்ளத்துக்காக ஐயா ஒருவர் மூன்று கந்தோர் ஏறி இறங்கினார். "இது எங்கட ரோட்டு இல்லை" என்பதே மூன்று இடத்திலும் பதில். ஒரு வீதி மத்திய அரசுக்கு, அடுத்தது மாகாணத்துக்கு, ஒழுங்கை உள்ளூராட்சி சபைக்கு. பாடசாலையும் அப்படித்தான்: தேசிய பாடசாலை கொழும்பின் கீழ், மற்றவை மாகாணத்தின் கீழ்.

இந்தப் பங்கீடு 1987இல் 13ஆம் திருத்தத்தோடு வந்தது. நாடு ஒற்றையாட்சி என்கிற 2ஆம் உறுப்புரை அப்படியே இருப்பதால் இது சமஷ்டி (கூட்டாட்சி) அல்ல. எந்தப் பட்டியலிலும் எழுதாமல் விட்டதெல்லாம் மத்திக்கே. அமெரிக்காவில் அந்த மிச்சம் மாநிலங்களுக்குப் போகும். சமஷ்டிப் பேச்சு நம் ஊருக்குப் புதிதல்ல. 1956 ஆவணியில் தமிழரசுக் கட்சி அதற்குத் தீர்மானம் எடுத்த மாநாடு திருகோணமலையில்தான் நடந்தது. சமஷ்டி கேட்பது பிரிவினை ஆகாது என்று உயர் நீதிமன்றமும் 2017இல் சொல்லிவிட்டது. அதே ஆண்டு புரட்டாதியில் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது. இதை எழுதும்வரை தேர்தல் இல்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரே நிர்வாகத்தைப் பார்க்கிறார்.

சரி, விடயத்துக்கு வருவோம். இவற்றையெல்லாம் கேள்வி பதிலாகச் சொல்லும் 48 பக்கக் கைநூல் ஒன்றை 500 பிரதிகள் அச்சிடப்போகிறோம். சட்டம் தெரிந்த இருவர் எழுத்துப்பிரதியைச் சரிபார்த்துவிட்டார்கள். மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் வாசிகசாலைகளுக்கும் இலவசமாகப் போகும். பிரதிக்கு 300 ரூபாவாக மொத்தம் 150,000 ரூபா வேண்டும். 42,000 சேர்ந்திருக்கிறது. கட்சிக்காரரிடம் கை நீட்டவில்லை, நீட்டவும் மாட்டோம்.

100 ரூபா என்றாலும் பற்றுச்சீட்டு உண்டு. பின்னேரம் 4 மணி முதல் 7 மணி வரை பொருளாளர் வாசிகசாலையில் இருப்பார். காசு தர வசதியில்லாதவர்கள் எழுத்துப்பிழை பார்க்க வரலாம். அந்த 'ஒருங்கியை'க்கு எளிய சொல் ஒன்று கொண்டுவந்தால் தேநீர் எங்கள் செலவு.

இப்படிக்கு,
வாசிகசாலைக் குழு,
திருகோணமலை