ஆல்ஃப்ரெட் வெப் ஆங்கிலேயர் அல்லர்

ஆசிரியருக்கு வணக்கம்.

காங்கிரஸ் மாநாடுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 1894 டிசம்பரில் சென்னையில் கூடிய பத்தாவது மாநாட்டின் தலைவர் ஆல்ஃப்ரெட் வெப்பை 'அயர்லாந்து நாடாளுமன்றத்தின் ஆங்கிலேய உறுப்பினர்' என்கிறது. ஒரே தொடரில் இரண்டு பிழைகள்.

1801இல் அயர்லாந்தைப் பிரிட்டனோடு இணைத்தபோதே டப்ளின் நாடாளுமன்றத்தை மூடிவிட்டார்கள். அதன்பின் ஐரிஷ் தொகுதிகளில் ஜெயித்தவர்கள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில்தான் போய் உட்கார வேண்டும். 1890 முதல் 1895 வரை மேற்கு வாட்டர்ஃபோர்டு தொகுதிக்காக வெப் இருந்ததும் அங்கேதான். உறுப்பினர்களுக்கு அப்போது சம்பளம் கிடையாது, 1911இல்தான் வந்தது. வசதியில்லாத ஐரிஷ் உறுப்பினர்கள் கட்சி நிதியை நம்பியே லண்டனில் காலம் தள்ளினார்கள். 1890 டிசம்பரில், ஐரிஷ் கட்சித் தலைவர் பார்னெல் இன்னொருவர் மனைவியோடு கொண்ட உறவு பற்றிய விவகாரத்தில் கட்சி உடைந்ததும் அதற்கும் ஆபத்து வந்தது. பாரிஸில் போட்டு வைத்திருந்த பணத்துக்கு இரு கோஷ்டிகளும் உரிமை கொண்டாட, யார் கைக்கும் கிடைக்காமல் அது முடங்கிக் கிடந்தது. வெப் பார்னெலின் எதிரணி. 1893இல், அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் ஹோம் ரூல் மசோதா காமன்ஸ் சபையில் தேறி, பிரபுக்கள் சபையில் 41க்கு 419 என்று அடிபட்டதெல்லாம் அவர் உறுப்பினராக இருந்தபோதுதான்.

1834இல் டப்ளினில், அச்சுத்தொழில் செய்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை ரிச்சர்ட் வெப் அடிமை ஒழிப்பு இயக்கக்காரர். அமெரிக்காவில் அடிமையாக இருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸின் தன்வரலாற்றை 1845இல் டப்ளினில் அச்சிட்டவர் அவரே. முதல் பதிப்பு 2000 படிகள். ஆல்ஃப்ரெடுக்கு அப்போது வயது 11. அமெரிக்க அடிமை முறையை எதிர்த்த போராட்டத்தில் வளர்ந்தவன், சொந்த நாட்டிலேயே அடிமைப்பட்டதன் கசப்பை அறிந்தவன் என்று சென்னை மேடையில் அவர் தம்மைச் சொல்லிக்கொண்டது வெறும் மேடைப்பேச்சு அல்ல. 'ஆங்கிலேயர்' என்று எழுதினால் அந்த உரைக்கே பொருளில்லாமல் போகிறது.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறதென்று ஊகிக்கலாம். காங்கிரஸ் மாநாடுகளுக்குத் தலைமை வகித்த யூல், வெட்டர்பர்ன், வெப், காட்டன் நால்வரையும் 'ஆங்கிலேயத் தலைவர்கள்' என்று ஒரே கட்டாகக் கட்டுவது நம் வழக்கம். முதல் இருவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள். மிஞ்சுபவர் காட்டன் ஒருவரே. அவர் பிறந்ததோ நம் கும்பகோணத்தில்!

இன்னொன்று. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்க வந்த மசோதாவை ராணியின் அரசு தள்ளுபடி செய்ய வேண்டும் என்று வெப் தலைமையில் கூடிய அந்த மாநாடு தீர்மானம் போட்டது. மாநாட்டுப் பந்தலை வர்ணிக்க ஒரு பத்தி ஒதுக்கிய கட்டுரையில் இதற்கு ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

– வாசகர், திருவல்லிக்கேணி